பாதி உயரத்தில் மங்கையர்க்கரசி

நின்றுவிட்டது. ஒரு குலுக்குக் குலுக்கி, ஒரு கிறீச்சுச் சத்தம் போட்டு நின்றிருந்தால்கூட மனசு ஒப்புக்கொண்டிருக்கும், பஸ் நிற்பதில்லையா அந்த மாதிரி என்று. இது பேசிக்கொண்டே இருந்த ஆள் திடீரென்று வாயை மூடிக்கொண்ட மாதிரி நின்றுவிட்டது. கீழே போர்ட்டிகோ தரை. மேலே மாடி பால்கனி. நடுவில் நான், மங்கையர்க்கரசி, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர், முழங்கால் ஆபரேஷனுக்காக லீவில் இருப்பவள், சக்கரம் கழற்றிய பழைய ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, இடுப்பில் எந்தக் காரிலிருந்தோ உருவிய பெல்ட்டோடு, வீட்டு வெளிச்சுவரில் பதித்த இரண்டு இரும்புத் தண்டவாளங்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருக்கிறேன். தொங்குகிறேன் என்று சொல்லக் கூடாதாம். 'தாங்கப்பட்டிருப்பே மங்கை, தாங்கப்பட்டிருப்பே' என்று நேற்றே திருத்தினார் இவர். சரி, தாங்கப்பட்டிருக்கிறேன். தாங்குகிற கம்பி என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. அது யானையைத் தாங்குமாம். யானையை எதற்குத் தாங்க வேண்டும், யானை என்ன மாடிக்கா போகப் போகிறது, யானை என்று இவர் சொன்ன உதாரணத்தில் எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்தது, ஆனால் கேட்கவில்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

கீழே பார்க்கக் கூடாது. "அண்ணி, கீழ மட்டும் பார்க்காதீங்க!" என்று தில்லை கத்துகிறாள். அவள் கத்தியதனால் பார்த்தேன். தில்லைநாயகி, இவருடைய தங்கை, தஞ்சாவூரிலிருந்து நேற்றுச் சாயங்காலம் பஸ்ஸில் வந்தவள், என் முழங்காலைப் பார்க்க வந்ததாகச் சொன்னாலும் அண்ணன் செய்த இந்த மாடி ஏறும் நாற்காலியைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள், இப்போது இடது கையை இடுப்பில் வைத்து வலது கையில் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். மேலேயிருந்து பார்த்தால் அவள் வகிடு எவ்வளவு அகலமாகிவிட்டது. எனக்கும் அப்படித்தான் இருக்கும், யாரும் மேலேயிருந்து பார்த்ததில்லை. அவளுக்குப் பக்கத்தில் கவிழ்த்த பக்கெட், பக்கெட்டின் மேல் லேப்டாப், லேப்டாப்புக்கு முன்னால் என் வீட்டுக்காரர் மாசிலாமணி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். மோட்டாரைப் பார்க்கவில்லை, கம்பியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. லேப்டாப்பைப் பார்க்கிறார். "சிமுலேஷன்ல வந்துச்சே," என்கிறார். பிறகு மறுபடி, யாரோ அவரை ஏமாற்றிவிட்ட குரலில், "சிமுலேஷன்ல மேல வரைக்கும் வந்துச்சே மங்கை." அங்கே வந்தது, நான் பார்த்தேன். திரையில் ஒரு மஞ்சள் பெட்டி, அதற்குள் குச்சி குச்சியாக ஒரு பொம்பளை, தலையில் ஒரு புள்ளி. கொண்டையாம். அந்தக் குச்சி மனுஷி இதுவரைக்கும் எத்தனை நூறு தடவை மாடிக்குப் போய் வந்திருப்பாள். ஒரு தடவைகூடக் கீழே பார்த்ததில்லை, அவளுக்குக் கண்ணே இல்லை.

"கரண்ட் போயிடுச்சாண்ணே?" என்று தில்லை கேட்கிறாள். "ஹால்ல ஃபேன் ஓடுதே," என்கிறார் இவர். "அப்ப எதனால நிக்குது?" "அதைத்தான் பார்க்கிறேன்." பார்க்கட்டும். நான் நேராகப் பார்க்கிறேன். நேராகப் பார்த்தால் காம்பவுண்டு சுவர், அதற்கப்பால் வேப்பமரம், மரத்துக்கு மேலே மலைக்கோயில். அட. இத்தனை மாதமாகக் கீழே ஹாலில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு, டிவியையும் சமையலறை வாசலையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததில் கோயில் அங்கேயே இருக்கும் என்பதையே மறந்துவிட்டேன். திருவெறும்பூரில் வீடு கட்டிக்கொண்டு மலையைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். சிவலிங்கம் வழுக்குகிறது, எறும்பாக வந்த தேவர்களால் மேலே ஏற முடியவில்லை, பாவம் என்று சாமியே கொஞ்சம் சாய்ந்து கொடுத்தாராம். எவ்வளவு நல்ல சாமி. மோட்டார் கேட்கவில்லை, சிமுலேஷன் கேட்கவில்லை, சாய்ந்தார், அவ்வளவுதான். இதோ தண்டவாளத்தில் ஒரு கட்டெறும்பு என்னைத் தாண்டி மேலே போகிறது. போ, போ, உனக்கு முழங்காலே எத்தனை இருக்கிறதோ, ஒன்று போனால் இன்னொன்று. காற்று வருகிறது. நாற்காலி லேசாக ஆடுகிறது. ஆடக் கூடாது, ஆடினால் கம்பி… கம்பி யானையைத் தாங்கும். யானை. யானை. யானை ஆடினால்?

இவர் எஞ்சினியர் இல்லை. அதை யாரும் இவரிடம் சொல்லிவிடக் கூடாது, ஆனால் இல்லை. பெரிய தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருந்து ரிடையரானவர். நட்டு, போல்ட்டு, பேரிங், சங்கிலி, கம்பி எல்லாம் இவர் கையெழுத்தில்தான் உள்ளே வந்தன, ஒன்றைக்கூட இவர் திருகிப் பார்த்ததில்லை. எஞ்சினியர்கள் இவர் மேஜையைத் தாண்டிப் பேசிக்கொண்டே போவார்களாம், இவரை ஒரு ஸ்டூல் மாதிரி நகர்த்திவிட்டு. அதனால் ரிடையரான மறுவாரமே திருக ஆரம்பித்தார். முதலில் குக்கர் விசில் எண்ணும் கருவி. மூன்று விசில் வந்ததும் தானாக அடுப்பு அணைய வேண்டும். அணைந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் சேர்த்து எண்ணி அணைந்தது. அப்புறம் ரயில் ஹாரனையும் எண்ணியது. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகிற வண்டியெல்லாம் எங்கள் வீட்டுச் சோற்றைப் பாதியில் இறக்கிவிட்டுப் போனது. பிறகு செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் குழாய், அது செடியைத் தவிர எல்லாவற்றுக்கும் விட்டது, தபால்காரர் உட்பட. நான் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பேனா, சொன்னேன், ஆனால் வேகாத சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு இவர் முகத்தைப் பார்த்தால், பையன்கள் தப்பான விடையை அழகான கையெழுத்தில் எழுதியிருப்பார்களே, அதைப் பார்க்கிற மாதிரி இருக்கும். சிவப்பு மை எடுக்க மனசு வராது.

பையன்கள் வருஷா வருஷம் ஒரே கேள்விதான் கேட்பார்கள். வகைக்கெழுச் சமன்பாடு ஆரம்பித்தவுடன் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை எழும். "மிஸ், இது எதுக்கு மிஸ் உதவும்?" நானும் வருஷா வருஷம் சொல்வேன், ராக்கெட்டு, பாலம், மழை, கொள்ளைநோய். ராக்கெட்டு விட்டவர் யாரும் வந்து என்னிடம் சொன்னதில்லை. அதை முதன்முதலாக வீட்டில் உபயோகப்படுத்திய மனுஷன் இவர்தான், நான் அதன் விளைவாக இங்கே இருக்கிறேன். அடுத்த வருஷம் அந்தக் கை எழும்பட்டும், சொல்கிறேன் எதற்கு உதவும் என்று. இந்த நாற்காலிக்குச் சிமுலேஷன் போட ஆரம்பித்த நாளில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார், முகம் வெளிறிப்போய், "மங்கை, நீ இப்ப எண்ணே இல்லையாம்." என்ன உளறுகிறீர்கள் என்றேன். திரையைக் காட்டினார். மஞ்சள் பெட்டி கிளம்புகிறது, கொஞ்சம் ஆடுகிறது, அடுத்த ஆட்டம் அதைவிடப் பெரிது, அதற்கடுத்தது அதைவிடப் பெரிது, அப்புறம் குச்சி மனுஷி வீட்டுக் கூரைக்கு மேலே போய்ச் சுழன்று திரையை விட்டே பறந்து போய்விட்டாள், அவள் இருக்கும் இடத்தைக் காட்டுகிற கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக 'எண் அல்ல' என்ற அர்த்தத்தில் மூன்று எழுத்து. "காத்து இல்லை, யாரும் தள்ளலை, எங்கேயிருந்து இவ்வளவு ஆட்டம் வருது?" என்று கேட்டார். நிஜமாகவே பயந்துபோயிருந்தார், ஒரு குச்சிப் படம் பறந்து போனதற்கு.

பூண்டு வாசத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். பார்த்தவுடன் தெரிந்தது, சிரிப்பும் வந்தது. கம்ப்யூட்டருக்கு வளைவு தெரியாது. இந்த நொடி எங்கே இருக்கிறாய், எவ்வளவு வேகம், சரி அதே திசையில் ஒரு எட்டு வை, மறுபடி கேள், மறுபடி ஒரு எட்டு. வளைந்து போக வேண்டிய இடத்திலும் நேராகக் காலை வைக்கும். ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு நூலிழை வெளியே விலகும். நூலிழை சேர்ந்து முழமாகும், இல்லாத சக்தி எங்கேயிருந்தோ ஏறிக்கொண்டே போகும். எங்கள் வீட்டுச் சண்டை எல்லாம் அப்படித்தான், ரசத்தில் உப்பு என்று ஆரம்பித்து என் தம்பி கல்யாணத்தில் போய் நிற்கும், நடுவில் யாரும் தள்ளியிருக்க மாட்டார்கள். "எட்டைச் சின்னதா வைங்க," என்றேன். "வெச்சேன், மெதுவாப் பறக்குது," என்றார். அப்புறம் அவர் எழுதியிருந்ததைப் படித்தேன். பழைய வேகத்தை வைத்துப் புது இடம், பிறகு புது வேகம் என்று இருந்தது. "இந்த ரெண்டு வரியையும் மாத்திப் போடுங்க. முதல்ல வேகத்தைப் புதுசாக்குங்க, அந்தப் புது வேகத்தை வெச்சு இடத்தைக் கணக்குப் போடுங்க." மாற்றினார். அவ்வளவுதான். பெட்டி ஆடியது, ஆடிய அளவே ஆடியது, ஏறவில்லை, பறக்கவில்லை, தொட்டில் மாதிரி. இவர் திரையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அப்படிப் பார்த்தார். "ரெண்டே வரி," என்றார். நான் பூண்டை எடுத்துக்கொண்டேன், ஐம்பத்தாறு வயதில் பூண்டை வைத்துக்கொண்டு வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, தண்ணி வேணுமா? கயித்துல கட்டி மேல அனுப்பட்டுமா?" தில்லை. வேண்டாம். தண்ணீர் குடித்தால் அப்புறம் அது வேறு. இடது பக்கம் பார்க்கவில்லை நான். வந்ததிலிருந்து நேராகப் பார்க்கிறேன், வலது பக்கம் பார்க்கிறேன், மேலே பார்க்கிறேன். இடது பக்கம் படிக்கட்டு இருக்கிறது. வீட்டுக்கு வெளியே சுவரை ஒட்டி ஏறுகிற எங்கள் சொந்தப் படிக்கட்டு, நடுவில் திரும்புகிற இடத்தில் ஒரு சதுரத் தளம், அந்தத் தளத்துக்கு நேராகத்தான் நாற்காலி நின்றிருக்கிறது, காலை நீட்டினால் தொடலாம், தெரியும், பார்க்காமலே தெரியும். அன்றைக்கு அங்கேதான் விழுந்தேன். துவைத்த துணி பக்கெட்டோடு. விழுகிறது என்பது ஒரே ஒரு காரியம் என்று விழாதவர்கள் நினைக்கிறார்கள், அது ரொம்ப நீளமானது, காலில் ஈரம், அட வழுக்குகிறதே, பக்கெட்டை விடலாமா, நல்ல புடவை இருக்கிறதே, கைப்பிடி எங்கே, வானம், இவருடைய வேட்டி என் முகத்தில், அப்புறம் அந்தச் சத்தம். முழங்காலுக்குள்ளே சிதறுகாய் உடைத்த சத்தம். டாக்டர் மாற்றிவிட்டார், புதுசு, முப்பது வருஷம் ஓடும் என்றார். படி ஏறலாம், தாராளமாக ஏறலாம் என்றார். நான்தான் ஏறவில்லை. முதல் படியில் காலை வைத்தால் அந்த ஈர வேட்டி முகத்தில் வந்து ஒட்டுகிறது. நாளைக்கு, நாளைக்கு என்றேன். இவர் ஒருநாள்கூட ஏன் ஏறவில்லை என்று கேட்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரை அளந்தார்.

"மங்கை." கீழேயிருந்து. குரல் ஒரு மாதிரி இருந்தது. "என்னங்க?" "ஒண்ணு கேட்கணும். தப்பா நினைக்கக் கூடாது." இந்த மாதிரி ஆரம்பித்து இவர் நல்லது எதையும் கேட்டதில்லை. "கேளுங்க." "உன் வெய்ட் எவ்வளவு?" தில்லையின் போன் கொஞ்சம் உயர்ந்தது. உயர்ந்தது, நான் பார்த்தேன். "எதுக்கு?" "கணக்கைச் சரி பார்க்கத்தான். சுமாரா சொன்னாப் போதும்." சுமாராகவாம். தெருவே கேட்கிற மாதிரி, பாதி உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, தில்லையின் போனுக்கு முன்னால். அந்தப் படம் இன்று சாயங்காலத்துக்குள் தஞ்சாவூர், கும்பகோணம், துபாயில் இருக்கிற அவள் மருமகள் வரைக்கும் போய்விடும். அறுபத்தஞ்சு என்று சொல்லலாம். அறுபத்தஞ்சு நல்ல எண், பார்க்கிறவர்கள் நம்பலாம், தூரத்திலிருந்து பார்த்தால். ஆனால் அதை வைத்து அவர் கணக்குப் போட்டு, அதை நம்பி ஏதாவது ஒன்றைத் தளர்த்தி… கணக்கு டீச்சர் தப்பான தரவு கொடுக்கலாமா. தரவு தப்பாக இருந்தால் எட்டு எவ்வளவு சின்னதாக இருந்து என்ன பிரயோஜனம். ஆஸ்பத்திரியில் மெஷின் மேல் நின்றபோது நர்ஸ் சத்தமாகப் படித்தாள், அன்றைக்கே நான் அவளை மன்னிக்கவில்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் ஹாலில் படுத்துக்கொண்டு தின்றது வேறு இருக்கிறது. புது முழங்கால் இரும்புதானே, அதற்கு ஒரு ரெண்டு கிலோவைக் கழிக்கலாமா? அது என் வெய்ட் இல்லையே. ஆனால் அதுவும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

"எழுபத்தொம்பது!" என்று கத்தினேன். கத்தியதில் வேப்பமரத்திலிருந்து ஒரு காக்கா எழும்பிப் போனது. "முழங்காலோட சேர்த்து!" என்று சேர்த்தேன். தில்லையின் போன் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. இவர் லேப்டாப்பில் தட்டினார், தலையை ஆட்டினார். "அப்ப வெய்ட் பிரச்சினை இல்லை." "ஏன்?" "நான் தொண்ணூறு போட்டிருந்தேன்." தொண்ணூறு. தொண்ணூறு! யாரைப் பார்த்துத் தொண்ணூறு போட்டீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன், பெல்ட்டு வயிற்றில் அழுத்தியது. "பாதுகாப்புக்காகக் கூட்டிப் போட்டேன் மங்கை, எஞ்சினியருங்க எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க." கேட்காமலே இருந்திருக்கலாமே, தெருவுக்குச் சொல்ல வைத்திருக்க வேண்டாமே. தில்லை போனை இறக்கினாள். "எனக்கு எண்பத்திரெண்டு அண்ணி," என்றாள், மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி. முப்பது வருஷமாக நாத்தனார், இன்றைக்குத்தான் ஒரு உண்மை பேசிக்கொண்டோம்.

அப்புறம் இவர் எழுந்து போய் மோட்டாரைத் தொட்டார். "ஆ!" என்று கையை உதறிக்கொண்டு ஊதினார். மறுபடி வந்து குத்துக்காலிடவில்லை. போர்ட்டிகோ தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார், கால்களை நீட்டி. மேலேயிருந்து அவருடைய வழுக்கை தெரிந்தது, நடுவில் கிரீஸ் கை பட்ட ஒரு கறுப்பு. "மங்கை," என்றார். "சொல்லுங்க." "எனக்கு இதெல்லாம் வராது போல." பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். "கம்பி சரியா இருக்கு, பல்சக்கரம் பூட்டிக்கிச்சு, நீ கீழ விழ மாட்டே, அது நிச்சயம். ஆனா ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியலை. தெரிஞ்சவன் பார்த்தா சிரிப்பான். அந்தப் படியில உன்னைக் கால் வைக்கச் சொல்ல மாட்டேன், தீயணைப்புக்காரங்களுக்குப் போன் பண்றேன், ஏணி கொண்டாருவாங்க. நாளைக்கு எல்லாத்தையும் கழட்டி இரும்புக்கடையில போட்டுடலாம்." குக்கர் விசிலுக்கு இப்படிச் சொல்லவில்லை. தபால்காரர் நனைந்தபோது சொல்லவில்லை. எனக்குப் பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது, யார் மேல் என்று சரியாகத் தெரியவில்லை, அந்த மேஜையைத் தாண்டிப் பேசிக்கொண்டே போனவர்கள் மேல் இருக்கலாம். தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு தெருவில் வரும், ஜனம் கூடும், ஏணி வைத்து நாலு பேர் என்னை இறக்குவார்கள், எழுபத்தொன்பதைத் தனித்தனியாக உணர்வார்கள், இவர் தூணோரம் நிற்பார். அந்தச் சித்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது தாங்கவில்லை. அதைவிட இடது பக்கம் பார்ப்பது லேசு என்று தோன்றியது, பார்த்தேன்.

படிதான். சிமெண்ட்டு. காய்ந்திருந்தது. ஓரத்தில் ஒரு சோப்பு உறை, வெயிலில் வெளுத்துப் போய். இதற்கா. தண்டவாளம் பதிப்பதற்காகக் கைப்பிடியை அந்த இடத்தில் அறுத்திருந்தார், அறுத்த இடத்தில் தேங்காய்நார்க் கயிறு ஒன்று குறுக்கே கட்டியிருந்தது. கையை நீட்டி முடிச்சை அவிழ்த்தேன். "மங்கை, என்ன பண்றே?" பெல்ட்டை அவிழ்த்தேன். "அண்ணி! அண்ணி, வேணாம்!" தளத்துக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு ஜாண் இடைவெளி, இடைவெளி வழியாகக் கீழே தரை தெரிந்தது, ஒரு ஜாண் அகலத்துக்கு ரொம்ப ஆழம். ஈர வேட்டி வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன். வந்தது. முகத்தில் ஒட்டியது. ஒட்டிக்கொண்டே இருக்கட்டும் என்று அறுபடாமல் நின்ற கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை எட்டி வைத்து, மற்றதை இழுத்து, நின்றேன். தளத்தில். என் இரண்டு காலில், ஒன்று சொந்தம், ஒன்று கடையில் வாங்கியது. மூச்சு வாங்கியது. கீழேயிருந்து இரண்டு முகம் அண்ணாந்து பார்த்தன, இரண்டுமே வாயைத் திறந்து, அண்ணன் தங்கை என்று அப்போதுதான் சாடை தெரிந்தது. "அங்கேயே நில்லு, நான் வந்து கையைப் பிடிச்சு இறக்குறேன்," என்றார். இறக்குவாராம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு யார் இறங்குவது. பாதித் தூரம் மோட்டார் கொண்டுவந்து விட்டிருக்கிறது, மீதி இருப்பது ஒரு கைப்பிடி அளவு படி. பிசியோதெரபிப் பெண் சொல்லிக் கொடுத்திருந்தாள், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில். எது நல்லது எது கெட்டது என்று ஒரு நொடி குழம்பிவிட்டது, புதுசுதானே நல்லது? இல்லை, இல்லை, பழசு. பழசை வைத்தேன். புதுசை இழுத்தேன். ஒரு படி. ஒவ்வொரு படியாகத்தான், அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை, இந்தப் படியில் இருக்கிறேன், அடுத்தது அங்கே இருக்கிறது, வைக்கிறேன். வளைவு நெளிவு எல்லாம் பிற்பாடு.

பின்னால் 'ர்ர்ர்' என்றது. கைப்பிடியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு திரும்பினேன். நாற்காலி கிளம்பிவிட்டது. தானாக. ஆளில்லாமல், அவிழ்த்துவிட்ட பெல்ட்டு இரண்டு பக்கமும் தொங்க, ஆடாமல் அசையாமல், கல்யாண ஊர்வலம் மாதிரி மேலே வந்தது. எனக்குப் பக்கத்தில் வந்தது. என்னைத் தாண்டியது. நான் பார்த்துக்கொண்டே நிற்கப் பால்கனி மட்டத்துக்குப் போய், 'டக்' என்று ஒரு மரியாதையான சத்தம் போட்டு நின்றது. கொஞ்சம் முன்னால், நான் ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்திருந்தபோது கிளம்பியிருந்தால் என்று நினைத்தேன், அந்த நினைப்பை அப்படியே கீழே வைத்துவிட்டேன், எடுத்துப் பார்க்க இன்னொரு நாள் இருக்கிறது. கீழே இவர் குதிக்கிறார். நிஜமாகவே குதிக்கிறார், அறுபத்தொரு வயதில், வேட்டியைப் பிடித்துக்கொண்டு. "சூடு! மங்கை, சூடு! காலையிலேர்ந்து அரிசி மூட்டையை ஏத்தி இறக்கித் தில்லைக்குக் காட்டிட்டே இருந்தேன்ல, மோட்டார் சூடேறித் தானா அணைஞ்சிருக்கு, ஆறினதும் தானா ஓடுது! நான் விசையைச் சேர்த்தேன், ஆட்டத்தைச் சேர்த்தேன், சூட்டைச் சேர்க்கவே இல்லை! ஒரே ஒரு சமன்பாடுதான் விட்டுப்போச்சு!" "ஸ்விட்சை அணைக்கவும் விட்டுப்போச்சு!" என்று தில்லை கத்தினாள். இரும்புக்கடைப் பேச்சு எங்கே போனதோ. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே ஒரு படி, இன்னொரு படி, கடைசிப் படியில் எந்தக் காலை வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மாடி. வெயில். என் மாடி. கதவு சும்மா சாத்தியிருந்தது. கையை வைத்தபோதுதான் கீழே குதித்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. "மங்கை?" ரொம்ப சாந்தமான குரல். "மங்கை, கொஞ்சம் அங்கேயே நில்லு. ரூமுக்குள்ள போகாதே. நான் வந்துடறேன்." அப்புறம் படியில் அவருடைய செருப்பு தடதடவென்று. கதவைத் தள்ளினேன். என் கட்டிலின் மேல் ஒரு கியர் பெட்டி படுத்திருந்தது, தலையணையோடு. மெத்தை முழுக்கப் பேரிங்குகள், வத்தல் காயப் போட்டது மாதிரி வரிசையாக. என் டிரெஸ்ஸிங் டேபிளில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் ஒன்றைப் போல்ட்டு போட்டு முடுக்கியிருந்தார், கண்ணாடியில் சாக்பீஸால் தண்டவாளப் படம். ஜன்னல் கம்பியில் சுருள் சுருளாக ஒயர், என் பட்டுப் புடவை பீரோவுக்கு முன்னால் அறுத்த இரும்பு, இரும்புத் தூள், ஒரு பாதி பிஸ்கட் பாக்கெட். என்னை இந்த அறைக்குக் கொண்டு வந்து சேர்க்கத்தான் இவ்வளவு பாடு, அதில் அறையே போய்விட்டது. வந்த பிறகு நான் எங்கே உட்காருவேன் என்று அந்தச் சிமுலேஷனில் யாரும் கேட்கவில்லை, குச்சி மனுஷி பால்கனிவரைக்கும்தான் போவாள்.

அவர் வாசலில் வந்து நின்றார், மூச்சு இரைக்க. நான் பேரிங்குகளைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஒன்று உருண்டு கீழே விழுந்து அவர் கால் வரைக்கும் போயிற்று. இரண்டு பேரும் அதையே பார்த்தோம். "ராத்திரி எங்கே படுக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். பாயும் போர்வையும் இருந்தன. "அங்கே காத்து நல்லா வருது," என்றார். எனக்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, வைக்க வேண்டிய முகம் ஒன்று இருந்தது, அது வரவில்லை. "இன்னிக்கு ராத்திரி நான் இங்கேதான் படுக்கப் போறேன்," என்றேன். "சரி." "இது அத்தனையும் கீழே போயாகணும்." "சரி மங்கை." கியர் பெட்டியைப் பார்த்தார், வைஸைப் பார்த்தார், இரும்பைப் பார்த்தார். "இவ்வளவு கனத்தை எப்படிப் படியில இறக்குறது?"

"நாற்காலியில வெச்சு இறக்குங்க," என்றேன். "மோட்டாரை நடு நடுவில ஆற விடுங்க. எனக்குத்தான் படி இருக்கே."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் கியர் பெட்டியைத் தூக்க ஒரு பக்கம் பிடித்தார், நான் எழுந்து மறுபக்கத்தைப் பிடித்தேன், "அண்ணி, நானும் மேல வர்றேன், ஆனா படியிலதான்!" என்று கீழேயிருந்து தில்லை கத்திக்கொண்டிருந்தாள்.